நான்காம் வார்டில் அவனுக்கு மூலை கிடையாது

ஆகஸ்ட் 16, சனி

டோலிவர் திரும்பி வந்துவிட்டான்.

காலைச் செய்தித்தாளை என் வீட்டுக்காரர் ரே என் முட்டைத் தட்டின் மேலேயே போட்டார். மாநிலக் கண்காட்சியில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, அடுப்பில் பன்றிக்கறி புரட்டுகிற படம். தலையில் கொஞ்சம் நரை. அதுவும் யாரோ அளந்து பூசினது மாதிரி அளவாக.

"மறுபடியும் ஜனாதிபதி தேர்தல்ல நிக்கறானாம்," என்றார் ரே. "நம்ம பக்கமும் வருவானாம். நீ இன்னிக்கு வேலைக்குப் போறியா, இல்ல கத்தி தீட்டப் போறியா?"

"ரெண்டும்."

போனேன். தானியக் கிடங்கில் பழைய மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு எட்டு லாரி வந்தன. எடைமேடையில் மூன்றின் எடையைத் தப்பாக எழுதினேன். ஓட்டுநர்களே பார்த்துத் திருத்தினார்கள். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து ஓர் எண்கூட நான் தப்பினதில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இதை ஒரு தடவையாவது ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் பிளம் க்ரீக் ஊரில் டோலிவரின் வலது கை நான். அவன் எங்கோ தூரத்து மாநிலத்துக் கவர்னர். இங்கே ஒரு நாய்க்கும் அவனைத் தெரியாது. நாட்டிலேயே முதலில் கை தூக்குவது அயோவா என்பதால், ஜனாதிபதி ஆசை வந்த எல்லாரையும் போல அவனும் எங்கள் சமையலறைகளில் வந்து உட்கார்ந்தான். என் சமையலறையில் இரண்டு முறை. நான் சுட்ட கொலாச்சி ரொட்டி மூன்று தின்றுவிட்டு, நான்காவதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டான். அப்போது எனக்குப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. அது முடிந்ததும் சாயங்காலம் முழுக்க அவனுக்காகக் கதவு கதவாகத் தட்டினேன். என் கால் வீக்கத்துக்கு ரே ஐஸ் வைத்துவிடுவார்.

வேட்பாளருக்கு எத்தனை ஆதரவு என்று தலை எண்ணுகிற வார்டுக் கூட்டத்துக்கு முந்தின நாள், அவனுடைய ஆள் கிப் ரான்டல் ஒரு தாள் கொடுத்தான். எதிரில் நின்ற செனட்டரை ஆதரிக்கிற வயசானவர்கள் நாற்பத்தொரு பேரின் பெயரும் போன் எண்ணும். 'கூட்டம் பள்ளிக்கூட ஜிம்மில் இல்லை, மெதடிஸ்ட் சர்ச்சுக்கு மாறிவிட்டது' என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். சொன்னேன். நாற்பத்தொரு பேருக்கும். என் குரல் தெரியாதவர்கள் இந்த ஊரில் கிடையாது. நம்பினார்கள்.

கூட்டம் எங்கேயும் மாறவில்லை. பூட்டிக் கிடந்த சர்ச் வாசலில் பதினேழு பேர் பனியில் நின்றார்கள். எமில் மாரெக் — எண்பத்திரண்டு வயசு — படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மார்ச்சில் போய்விட்டார்.

எனக்கு எதுவும் தெரியாது. நான் தாளைப் படித்தேன், அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு மறுநாள் டோலிவர் டிவியில் வந்தான். முகத்தில் அப்படி ஒரு துக்கம். "ஓர் ஊரில், ஒரு தொண்டர், ஆர்வக் கோளாறில் தானாகச் செய்த காரியம். வெர்லா டோஸ்டால் இனி எங்களோடு இல்லை." என் பேரை முழுசாகச் சொன்னான். நாடு முழுக்கக் கேட்டது. தாள் என்னிடம் இல்லை. முந்தின சாயங்காலமே கிப் வந்து எல்லாக் காகிதத்தையும் வாங்கிக்கொண்டு போயிருந்தான். பள்ளிக்கூடத்தில் என்னை 'ஓய்வு எடுத்துக்கொள்ளச்' சொன்னார்கள். பல்பொருள் கடையில் நான் நிற்கிற வரிசையில் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள்.

நான்கு வருஷம். ஒரு போன் கிடையாது, ஒரு கடுதாசி கிடையாது. இப்போது கறி புரட்டுகிறான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தீர்மானித்துவிட்டேன். கத்தியும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. ஊர் நடுவில், மைக்கில், அவன் முகத்தைப் பார்த்து: "அந்தத் தாளை அனுப்பினது யார்?"

இங்கே வருகிறவன் யாராக இருந்தாலும் எங்கள் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். மற்ற மாநிலங்களில் விமானத்தில் வந்து இறங்கிக் கை ஆட்டிவிட்டுப் போவார்கள். இங்கே உட்கார்ந்து கேட்டாக வேண்டும்.

செப்டம்பர் 20, சனி

பக்கத்து ஊர் நூலகம். முதல் வரிசையில் உட்கார்ந்து கையைத் தூக்கினேன். நாற்பது நிமிஷம் தூக்கியபடியே இருந்தேன். மைக் வைத்திருந்த பெண் என் தலைக்கு மேலாகப் பார்த்தாள். பக்கத்து நாற்காலிக்கு மைக் போனது, பின் நாற்காலிக்குப் போனது. என்னிடம் மட்டும் வரவில்லை. என் போட்டோ அவர்களிடம் இருக்கும்போல.

"பஸ் நிறுத்தறவ மாதிரி கையத் தூக்கிக்கிட்டே இருந்தியா?" என்று ரே சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினார். தோளை அமுக்கிவிட்டார்.

அக்டோபர் 11, சனி

கேட்டுவிட்டேன். ஐயோ, ஏன் கேட்டேன்!

இன்று தீயணைப்பு நிலையத்தில் சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் போட்டுக் கூட்டம். ரேயின் கேஸ் கம்பெனித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி மாற்றிக்கொண்டு, கடைசி வரிசையில் பண்ணைக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். மைக் பக்கத்து ஆளிடம் வந்தபோது அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

"கவர்னர், என்னை ஞாபகம் இருக்கா? வெர்லா டோஸ்டால். அந்தத் தாளை எனக்கு அனுப்பினது யாரு?"

யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். அவன் முகத்தில் ஒரு நொடி, ஒரே நொடி, ஏதோ ஓடியது. அப்புறம் அவன் மேடையிலிருந்து இறங்கினான். வரிசைகளுக்கு நடுவில் நடந்து வந்தான். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கை வெதுவெதுப்பாக இருந்தது.

"வெர்லா," என்றான். "நாலு வருஷமா இந்தப் பாரத்தைச் சுமந்துக்கிட்டா இருக்கீங்க? இறக்கி வையுங்க. நான் உங்கள அன்னிக்கே மன்னிச்சுட்டேன்."

கை தட்டினார்கள்! எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு பொம்பளை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு கேமரா என் மூஞ்சியில். நான் தொப்பியோடு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். இவன் என்னை மன்னிக்கிறானாம். இவன்! என்னை!

அக்டோபர் 12, ஞாயிறு

மன்னிச்சுட்டானாம்.

அக்டோபர் 13, திங்கள்

கையை மூன்று முறை கழுவினேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் கழுவினேன்.

நவம்பர் 5, புதன்

அறுவடை. காலை ஐந்தரைக்கே லாரி வரிசை சாலை வரை நிற்கிறது. லாரியும் எடையும் போக மனசு ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டே இருக்கிறது.

இங்கே நாங்கள் பெட்டியில் சீட்டுப் போடுவதில்லை. ஜனவரியில் ஒரு சாயங்காலம் ஜிம்முக்குப் போய், அவரவர் வேட்பாளரின் மூலையில் எல்லார் கண் முன்னாலும் நிற்கிறோம். தலை எண்ணுவார்கள். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் ஒரு மூலையில் சேரவில்லையென்றால் அந்த மூலை கலைய வேண்டும். அதில் நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், வீட்டுக்கும் போகலாம். அந்த வேட்பாளருக்கு அந்த வார்டில் பூஜ்யம்.

நாடு முழுக்க என் பேரைச் சொன்னான் அல்லவா? என் வார்டில் அவன் பேருக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட வைக்கிறேன். நான்காம் வார்டில் இருநூறு பேர் வருவார்கள் என்று வைத்தால், முப்பது பேர்கூட அவன் பக்கம் நிற்கக் கூடாது.

நவம்பர் 15, சனி

கதவு தட்ட ஆரம்பித்தேன். யாருக்காகவும் இல்லை. ஒரே பேச்சு: "யாருக்கு வேணும்னாலும் நில்லுங்க, டோலிவருக்கு மட்டும் நிக்காதீங்க."

முதல் பத்து வீட்டில் ஆறு திறக்கவேயில்லை. முடிதிருத்துகிற டீன் திறந்தார். கதவில் சாய்ந்துகொண்டு, "என்ன வெர்லா, போனை விட்டுட்டு நேர்லயே வந்துட்டியா? இந்தத் தடவை எந்தச் சர்ச்சுக்குப் போகணும், சொல்லு," என்றார். உள்ளே அவர் மனைவி சிரிக்கிற சத்தம்.

சிரிங்க. நான் பதினோராவது வீட்டுக்குப் போனேன்.

நவம்பர் 22, சனி

லியோனா மாரெக் வீட்டு முற்றத்தில் டோலிவரின் தேர்தல் பலகை நட்டிருக்கிறது. எமிலின் மனைவி. அவள் வீட்டில்! நீல எழுத்தில், முழங்கால் உயரத்துக்கு.

யோசிக்கவில்லை. நேராகப் போய்க் கதவைத் தட்டினேன். நான்கு வருஷத்தில் முதல் தடவை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, வலைக்கதவைத் திறக்காமலேயே பார்த்தாள்.

"லியோனா, அந்தப் பலகை... உனக்குத் தெரியலையா? எமில் செத்ததுக்குக் காரணமே அவன்தான்."

"சாவுக்கு வந்தார்," என்றாள். "கவர்னர். ஒரு மணி நேரம் என் அடுப்பங்கரையில உக்காந்தார். எமில் எப்படி இருப்பார்னு கேட்டார். நான் அழுதேன், பக்கத்துலயே இருந்தார். அப்புறம் கையால கடுதாசி எழுதினார், ஒண்ணில்ல, மூணு. நீ ரெண்டு தெரு தள்ளி இருக்கே. நீ வந்தியா?"

நான் ஒரு படி இறங்கினேன்.

"போ. குளிர் உள்ள வருது."

வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்தேன். ஆறு பேருக்கு ஆகிற அளவு உரித்துவிட்டேன். இருப்பது இரண்டு பேர். எப்படிப்பட்ட ஆள் பாருங்கள். கொன்ற வீட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிட்டு, ஓட்டையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அவனுக்குப் பூஜ்யம் போதாது.

டிசம்பர் 4, வியாழன்

கிப் ரான்டல் இன்று எடைமேடைக்கு வந்தான்!

நல்ல கோட்டு, நல்ல பூட்ஸ், கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. டோலிவரிடம் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறி, இப்போது செனட்டர் ஹோல்கமிடம் வேலை பார்க்கிறானாம். டோலிவருக்கு அடுத்த இடத்தில் ஓடிக்கொண்டிருப்பவர் ஹோல்கம்.

"அந்தத் தாள் என்கிட்ட இருக்கு வெர்லா," என்றான். "அசல். தலைமை ஆபீஸ்லேருந்து ஃபேக்ஸ்ல வந்தது. மேலே தேதி, நேரம். கீழே 'சரி'ன்னு எழுதி டோலிவரோட இனிஷியல். அவர் கையெழுத்து."

லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"இத்தனை வருஷம் எங்கேடா வச்சிருந்தே?"

"இப்ப அதையா கேப்பீங்க? கூட்டத்துக்கு மூணு நாள் முன்னாடி நீங்க பத்திரிகைக்காரங்க முன்னாடி நின்னு காட்டணும். நான் காட்டினா, கொண்டு வந்து கொடுத்தவனே நீதானேன்னு என்னைத்தான் கேப்பாங்க. நீங்க காட்டினா அவர் காலி."

ஏன் மாட்டேன்? மனசு விசிலடித்தது. சாப்பாட்டு நேரத்தில் தனியாக லாரி ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தேன்.

டிசம்பர் 6, சனி

கிப் தாளைக் கொண்டு வந்தான். நகல் ஒன்று கொடுத்தான். ரேயும் நானும் மேஜையில் விரித்துப் பார்த்தோம்.

எல்லாம் அவன் சொன்னபடியே இருந்தது. நாற்பத்தொரு பேர். ஃபேக்ஸ் தேதி. 'சரி — பா.டோ.'

ஓரத்தில், பென்சிலில், கிப்பின் கோழிக் கிறுக்கல்: 'வெர்லா கேட்டாள் — சர்ச்சில் சூடேற்றும் அடுப்பு உடைந்து இரண்டு வாரமாக மூடியிருக்கிறதே என்று. யோசிக்காமல் படிக்கச் சொன்னேன். படிக்கிறாள்.'

ரே அதைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அது ஒண்ணும் பிரச்சினையில்ல," என்றான் கிப். "அந்த ஓரத்தை மடிச்சுட்டு நகல் எடுத்துக்கலாம். ஒரு விரல் அகலம்தான்."

டிசம்பர் 7, ஞாயிறு

ஆகஸ்டில் இந்த நோட்டில் 'எனக்கு எதுவும் தெரியாது' என்று எழுதினேன். பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அழுத்தி எழுதியிருக்கிறேன், பின்பக்கம் தடம் விழுகிற அளவுக்கு. எனக்கே எனக்காக எழுதுகிற நோட்டில் யாரை ஏமாற்றப் பார்த்தேன்?

தெரியும். சர்ச் மூடியிருந்தது அங்கே ஜெபிக்கப் போகிறவர்களுக்கும் எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை அப்போது நூலகத்தில்தான் நடத்தினார்கள். கிப்பைக் கேட்டேன். அவன், "வெர்லா, ஜெயிக்கணுமா வேண்டாமா?" என்றான். ஜெயிக்க வேண்டும் என்று அப்படி ஒரு வெறி எனக்கு. படித்தேன். எமிலுக்குப் படித்தபோது அவர், "நல்ல வேளை சொன்னே வெர்லா, இல்லேன்னா வீணா ஜிம்முக்கு அலைஞ்சிருப்போம்," என்றார். அதற்கும் நான், "பத்திரமா வாங்க," என்றேன்.

சாவுக்குப் போகாததற்குக் காரணம் வெட்கம் இல்லை. லியோனா என் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயம்.

டிசம்பர் 16, செவ்வாய்

கிப் தினமும் போன் செய்கிறான். ரே கேஸ் லாரியைக் கழுவிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "ஓரத்தை வெட்டிட்டா அவன் செத்தான். வெட்டாம காட்டினா ரெண்டு பேரும் சேர்ந்து சாவீங்க."

"நீங்க என்ன செய்வீங்க?"

"நானா? நான் அந்தப் போனையே செஞ்சிருக்க மாட்டேன்."

முப்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவர் என்னிடம் சொன்ன ஆகக் கடுமையான வார்த்தை இது. அப்புறம் குழாயை மூடிவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரக் கை.

டிசம்பர் 25, வியாழன்

டோலிவரிடமிருந்து கிறிஸ்துமஸ் அட்டை. மனைவி, மூன்று பிள்ளைகள், நாய். 'அன்புள்ள வெர்லா' என்று பேனாவால் எழுதியிருக்கிறது. எரிக்கவில்லை. குளிர்பெட்டிக் கதவில், என் கண் மட்டத்தில் ஒட்டினேன். சோர்ந்து போகாமல் இருக்க அது உதவுகிறது.

ஜனவரி 8, வியாழன்

கிப்பிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"பயந்துட்டீங்களா?"

"இல்லப்பா. நாலு வருஷம் முன்னாடி நீ கொடுத்ததை நீ சொன்னபடி படிச்சேன். இந்தத் தடவையும் நீ மடிச்சுக் கொடுத்ததைப் படிக்கச் சொல்றே. உன் செனட்டருக்காக."

"அப்ப டோலிவர் தப்பிச்சுடுவார்."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

லியோனாவுக்கு முதலில் காட்ட வேண்டும் என்று தாளை எடுத்துக்கொண்டு போனேன். மணி அடித்தேன். திரைச்சீலை அசைந்தது. கதவு திறக்கவில்லை. படியில் கால் மணி நேரம் நின்றேன். மைனஸ் பத்து இருக்கும். எமில் எவ்வளவு நேரம் கிடந்தார் என்று கேட்டதுகூட இல்லை நான்.

ஜனவரி 20, செவ்வாய்

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஒன்றும் விடப் போவதில்லை.

ஜிம்மில் இருநூற்றுப் பதினான்கு பேர். மூலை பிழைக்க முப்பத்துமூன்று பேர் வேண்டும் என்று தலைவர் சுண்ணாம்புக்கட்டியால் பலகையில் எழுதினார். ஹோல்கமுக்குக் கூடைப்பந்து வளையத்தின் கீழே கூட்டம் நெரிந்தது. டோலிவருக்கு மேடைப்பக்க மூலை. அவனுடைய வார்டுத் தலைவர் பல் டாக்டர் வெண்டல். ஊரில் பாதிப் பேருக்குப் பல் பிடுங்கியவர். எனக்குத் தெரிந்து அந்த மூலையில் நாற்பது பேர். நடுவில் மடக்கு நாற்காலியில் லியோனா. நான் எந்த வேட்பாளரும் இல்லாதவர்களின் சுவர் ஓரத்தில் நின்றேன். என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். மற்றவர்கள் என்னைவிட்டு ஓரடி தள்ளியே நின்றார்கள்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் பேச இரண்டு நிமிஷம். எங்கள் கூட்டத்துக்குப் பேச ஆள் இல்லை. நான் போனேன். முனகல் கிளம்பியது. "இன்னிக்கு எங்க போகச் சொல்றா?" என்று டீன் கத்தினார். சிரிப்பு.

தாளைப் பிரித்தேன். ஃபேக்ஸ் தேதியைப் படித்தேன். நாற்பத்தொரு பேரையும் படித்தேன். அவர்களில் ஆறு பேர் இப்போது இல்லை. 'சரி — பா.டோ.' என்பதைப் படித்தேன். வெண்டல், "இது பொய்! விதிக்கு விரோதம்!" என்று எழுந்தார். தலைவர், "நேரம் அவங்களோடது, உக்காருங்க டாக்டர்," என்றார்.

அப்புறம் ஓரத்தைப் படித்தேன். குரல் போய்விட்டது. இன்னொரு தடவை படித்தேன்.

"எனக்குத் தெரியும்," என்றேன். "சர்ச்சு பூட்டியிருக்குன்னு தெரியும். தெரிஞ்சேதான் போன் பண்ணேன். அவன் என்னை மன்னிச்சுட்டதா டிவியில பாத்திருப்பீங்க. தாளுக்கு 'சரி' போட்டவன் அவன். படிச்சவ நான். இப்ப நீங்க எண்ணுங்க."

யாரும் கை தட்டவில்லை. தாளைத் தலைவரின் மேஜையில், கூட்டக் குறிப்போடு சேர்க்கச் சொல்லி வைத்தேன். சுவர் ஓரத்துக்கு நடந்தேன்.

லியோனா எழுந்தாள். வெண்டல் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். அவரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஜிம்மின் நடுவே வந்தாள். அந்தச் சக்கரச் சத்தம் மட்டும்தான். என் முன்னால் நின்றாள்.

"உன் குரலைக் கேட்டுத்தான் அவர் பூட்ஸ் மாட்டினார்," என்றாள். "போக வேண்டாம், பனியா இருக்குன்னு நான் சொன்னேன். வெர்லாவே சொல்றாளேன்னார்."

அவ்வளவுதான். என்னையும் தாண்டிக் கதவுப் பக்கம் போனாள். டீன் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தார். வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு டோலிவரின் மூலையிலிருந்து ஒவ்வொருவராக நகர ஆரம்பித்தார்கள். ஓடவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல். தலைவர் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

முப்பத்தொன்று.

இரண்டு பேர் குறைவு. வெண்டல் மூலை மூலையாக ஓடினார், நெற்றி வேர்த்து, கை கூப்பாத குறையாக. கடைசியில் எங்கள் சுவருக்கே வந்துவிட்டார். "ரெண்டே ரெண்டு பேர் போதும். யாராவது... எங்கே போய்த் தேடுவேன் நான்?"

"மெதடிஸ்ட் சர்ச்சுல தேடுங்க டாக்டர்," என்றேன். "நிறைய பேர் அங்க நிக்கிறாங்க."

அதைச் சொன்னபோது நாக்கு இனித்தது. பொய் சொல்லப் போவதில்லை. இனித்தது.

பலகையில் டோலிவர் பேருக்கு எதிரே பூஜ்யம் போட்டார்கள். பார்த்துக்கொண்டே நின்றேன்.

மாநிலம் முழுக்க எண்ணினபோது அவன்தான் முதல்.

ஜனவரி 21, புதன்

மாவட்டக் கட்சிக் கமிட்டியிலிருந்து போன். இனி எந்தப் பொறுப்பும் எனக்குக் கிடையாதாம். நியாயம்தான்.

மதியம் ஒரு பண்ணைக்காரர் லாரியை நிறுத்தி, எடைமேடை ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டு, மேடையில் ஏற்றாமலேயே திருப்பிக்கொண்டு போனார். முப்பது மைல் தள்ளிப் போய் எடை போடுவார். போகட்டும்.

ஜனவரி 24, சனி

கூட்டக் குறிப்போடு இருந்த தாளை யாரோ ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுத்துவிட்டார். ஓரத்தோடு சேர்த்து. இன்று நாடு முழுக்க.

அடுத்த தேர்தல் செவ்வாய்க்கிழமை, நியூ ஹாம்ப்ஷயரில். அங்கே அவன் வாயைத் திறந்த இடத்திலெல்லாம் இதையே கேட்கிறார்கள். தீயணைப்பு நிலையத்தில் அவன் என் கையைப் பிடித்து மன்னித்த படத்தைப் போட்டு, பக்கத்திலேயே 'சரி — பா.டோ.' என்று போடுகிறார்கள். திரும்பத் திரும்ப. நான் தொப்பியோடு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். எனக்கு அதில் இப்போது வெட்கமில்லை.

தாளை என்னிடம் கொடுத்தது கிப்தான் என்று தெரிந்ததும் ஹோல்கம் அவனை நீக்கிவிட்டார். "என் கவனத்துக்கு வராமல் ஓர் ஊழியர் தானாகச் செய்தது," என்று அறிக்கை. ரே அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 28, புதன்

நியூ ஹாம்ப்ஷயரில் நான்காம் இடம். கிறிஸ்துமஸ் அட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். 'தைரியமாச் சொன்னாளே' என்பது ஒன்று. 'தெரிஞ்சே செஞ்சவ' என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்கிறவர்கள்தான் என்னைச் சரியாகப் பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறது.

பிப்ரவரி 16, திங்கள்

மத்தியானம் போன் அடித்தது.

"லியோனா பேசறேன். புதன்கிழமை எனக்குக் கண் ஆபரேஷன். என்னைக் கூட்டிட்டுப் போறவளுக்குக் காய்ச்சல். ரே லாரிக்குப் போயிடுவாரு, நீ காரை எடுத்துட்டு எட்டரைக்கு வா. வழியில என்கிட்ட எதுவும் பேசக் கூடாது."

வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 18, புதன்

எட்டு இருபதுக்கே போய்விட்டேன். முற்றத்தில் பலகை இல்லை. அது நட்டிருந்த இடத்தில் பனியில் இரண்டு ஓட்டை. படியில் உப்புத் தூவியிருந்தாள். வாக்கரை மடித்து வண்டியில் வைத்தேன். பின்சீட்டில் ஏறுவாள் என்று நினைத்தேன். முன்னால் ஏறினாள்.

நாற்பது மைல். நான் பேசவில்லை. பாதி வழியில் ரேடியோவைப் போட்டேன். டோலிவரின் குரல். குடும்பத்தோடு யோசித்து முடிவெடுத்ததாகவும், போட்டியிலிருந்து இன்றோடு விலகுவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தான். நான்கு வருஷம் இந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். எத்தனை விதமாகக் கொண்டாட வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன்! நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் துள்ளவில்லை. சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

லியோனா கொஞ்ச நேரம் கேட்டாள்.

"வேற ஸ்டேஷன் போடு," என்றாள்.

போட்டேன். பன்றி விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரை இரண்டு பேரும் அதையே கேட்டுக்கொண்டு போனோம்.